மூன்றாம் குமிழின் நீல டம்ளர்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்புக் குமிழில் டீ குடிக்க வேண்டுமானால் முதலில் இரத்தம் கொடுக்க வேண்டும். அதிகமில்லை, ஒரு சொட்டு. டீக்கூடத்து வாசலில் நிற்கும் குருதிநோக்கியின் துளைக்குள் கட்டைவிரலை வைத்தால் எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக். பூனைக்கிருமி உடம்பில் புகுந்த தடயம் இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளர் வரும். இருந்தால் நீல பிளாஸ்டிக். நீலக்காரர்கள் வெளியே காற்றுக்குழாயோரம் நின்று குடித்துவிட்டு, தாங்களே கழுவித் தனி அலமாரியில் கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகூட அழாமல் விரலை நீட்டும். நல்ல பழக்கங்கள் சின்ன வயதிலேயே வந்துவிடுகின்றன.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் குழுத்தலைவர் மாசிலாமணி. முதல் கப்பலில் வந்திறங்கிய இருபத்தாறு குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. டாக்ஸோபிளாஸ்மா என்ற அந்தக் கிருமியின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. 'அது' என்பார். பூமியில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது, பெரும்பாலோர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்று டாக்டர் ஃபாஸிலா கூட்டத்தில் சொன்னபோது, அதனால்தானே கிளம்பி வந்தோம் என்றார். டம்ளரால் பரவாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாது. பூனைக் கழிவு கலந்த மண், அந்த மண் ஒட்டிய கழுவாத கீரை, வேகாத கறி, இவற்றால்தான் வரும் என்று டாக்டர் விளக்கினார். மாசிலாமணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நீல டம்ளருக்குத் தனி சோப்பு என்று தீர்மானம் போட்டார்.

முதல் கப்பல் குடும்பத்தார் விரல் வைக்க வேண்டியதில்லை. விலக்கு அட்டையைக் காட்டினால் எவர்சில்வர் வந்துவிடும். அவர்கள் இரத்தத்தைச் சந்தேகிப்பது அநாகரிகம். அவர்களுக்கு இன்னோர் உரிமையும் உண்டு: பூமியிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலிலும் பூர்வீக வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு தொட்டி மண். மாசிலாமணியின் மண் மன்னார்குடியிலிருந்து வந்தது. அதில் கொத்தமல்லி வளர்த்து, கிள்ளி, அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். கழுவினால் சொந்த மண் போய்விடுமே. இருபத்தாறு வீட்டிலும் இதே வழக்கம். கடைசியாக மண் வந்த சில வாரங்களில் அவர்களில் பலருக்குக் கழுத்தில் நெறி கட்டி லேசாகக் காய்ச்சல் அடித்தது. நீலக்காரர்கள் வாசலில் நின்று மூச்சு விடுவதால்தான் என்று ஒருமனதாக முடிவுசெய்து, அவர்களை இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தினார்கள்.

இந்த லட்சணத்தில் அவருடைய ஒரே மகள் இளவெயினி ஒரு நீலக்காரனைக் கட்டிக்கொண்டாள். சாலமன், காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவன். கல்யாணத்துக்கு வந்த மாசிலாமணி தன் டம்ளரைக் கையோடு எடுத்து வந்திருந்தார். இப்போது அவளுக்கு நான்காம் மாதம். அவளைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். சாலமனுக்கு இருப்பது பழசு, அது தூங்கிக்கொண்டே கிடக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு அது விழித்துக்கொண்டால் ஆபத்து. கர்ப்பிணிக்குப் புதிதாக வந்தால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம், தெரிந்த உடனே மருந்து தொடங்க வேண்டும்.

மாசிலாமணி ஒரே வார்த்தையில் மறுத்தார். தலைவர் வீட்டுப் பெண் துளைக்குள் விரல் விட்டால் குமிழ் என்ன பேசும்? பேரப்பிள்ளையின் கண் பெரிதுதான். ஆனால் நாலு பேர் பார்வை அதைவிடப் பெரிது.

மறுநாள் காலை, கூடம் நிறைந்திருந்த நேரத்தில், இளவெயினி நேராகக் குருதிநோக்கியின் முன்னால் போய் நின்றாள். மாசிலாமணி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"எம்பிள்ளைக்காகக் கேக்கறேன்ப்பா, வழி விடுங்க."

"நம்ம குடும்பத்துல யாரும் இதுல விரல் வெச்சதில்ல."

"அதான் பயமா இருக்கு. வேணும்னா நீங்க முதல்ல வைங்க."

வெளியே நீல டம்ளரோடு நின்ற சாலமன் மெதுவாகச் சொன்னான். "விடு வெயினி. மாமாவுக்கு ஊசின்னா பயம்."

அதற்குமேல் ஒரு குழுத்தலைவரால் என்ன செய்ய முடியும்? சுத்த இரத்தம் எப்படி இருக்கும் என்று மருமகனுக்குக் காட்டிவிடும் முடிவோடு சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார், கட்டைவிரலுக்கு அது தேவையில்லை என்றாலும். சுருக்.

தட்டில் நீல டம்ளர் வந்து உட்கார்ந்தது.

இயந்திரம் பழுது என்றார். மற்றக் கட்டைவிரலை வைத்தார். இரண்டாவது நீல டம்ளர் வந்தது. பழுதை நிரூபிக்க மற்ற முதல் கப்பல்காரர்களும் ஒவ்வொருவராக விரல் வைத்தார்கள். பொருளாளர் நீலம், அவர் மனைவி நீலம், சோப்புத் தீர்மானத்தை வழிமொழிந்தவர் நல்ல அடர் நீலம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைசியாக இளவெயினி வைத்தாள். எவர்சில்வர். மசக்கையில் கொத்தமல்லி வாசனையே குமட்டியதால் அந்தக் கடைசி மண் வருவதற்கு முன்பிருந்தே அவள் அப்பாவின் தொட்டிப் பக்கம் போகவில்லை. சாலமன் வீட்டிலோ கீரை மூன்று தண்ணீர் பார்த்த பிறகுதான் அடுப்பேறும்.

டாக்டர் ஃபாஸிலா பெருமூச்சு விட்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இந்தப் பெண்ணைத்தான் உங்கள் மண்ணிலிருந்து காப்பாற்ற வேண்டும், தொட்டிகளை மூடுங்கள் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. குழு அவசரமாகக் கூடியிருந்தது.

அரை மணியில் தீர்மானம் தயார். பூமியோடு உள்ள ஆதி உறவுக்கு இரத்தமே சாட்சி. எனவே இனி நீலமே உயர்ந்த டம்ளர். கப்பலில் கண்டபடி ஒட்டிக்கொண்டு வந்தது வேறு, சொந்த மண்ணிலிருந்து முறையாக வந்தது வேறு என்பதால், முதல் கப்பல் குடும்பங்களின் நீல டம்ளருக்கு மட்டும் தங்க நிற விளிம்பு. தடயமே இல்லாதவர்கள், அதாவது வேரில்லாதவர்கள், எவர்சில்வரில், காற்றுக்குழாயோரம்.

மாசிலாமணி தன் நீல டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி வெளியே வந்தார். மகள் இன்னும் எவர்சில்வர் டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். கருவைச் சுமப்பவளாயிற்றே, நிற்க வைத்துப் பேச மனம் வரவில்லை. நாற்காலி ஒன்றைத் தானே இழுத்துப்போய்க் காற்றுக்குழாயோரம் போட்டார்.

"இங்க உக்காந்து குடி. குடிச்சிட்டு நீயே கழுவி, அந்த அலமாரியில கவுத்து வெச்சிடும்மா."