நூற்றிருபதில் நின்ற படிகம்

இதனால் உலக விஞ்ஞானிகளுக்கும், குறிப்பாகப் பேரியம் டைட்டனேட் படிகங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நூற்றிருபது டிகிரியில் நிலைமாறும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, இனி நூற்று முப்பத்தொன்றில்தான் அவை மாற வேண்டும். உத்தரவு: பேராசிரியர் அம்போஃபோ, இயற்பியல் துறைத் தலைவர், கானா நாட்டின் குமாசி நகருக்கு வடக்கே எங்கள் சிறிய பல்கலைக்கழகம்.

உத்தரவை மதிக்காதவர் ஒருவர்தான். ஆய்வக உதவியாளர் டொன்கோர்.

"ப்ரோஃப், வெப்பமானி அடுப்புத் தட்டுல ஒட்டியிருக்கு. தட்டுக்குத்தான் நூத்தி முப்பத்தொண்ணு. படிகத்துக்கு நூத்தியிருபதுதான்."

"நீ திருகாணி முடுக்குற ஆளு. முடுக்கு."

டொன்கோர் முடுக்கவில்லை. வெப்பமானியைக் கழற்றி, படிகத்தின் முதுகிலேயே வெள்ளிப் பசையால் ஒட்டினார். மறுவாரம் அந்த மேசையடியில் மாரடைப்பில் விழுந்து கிடந்தார். அவருடைய இரங்கல் சுவரொட்டி ஆய்வகக் கதவில் இன்னும் சிரிக்கிறது.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு காலை பத்து மணிக்கு ஆராய்ச்சி மாணவி செர்வாவும், அவளுடைய இரண்டாம் வழிகாட்டியான நானும் உள்ளே போனோம். பன்னிரண்டுக்கு வெளித்தேர்வாளர் வருகிறார். அவர் கண்ணெதிரே நூற்று முப்பத்தொன்று வராவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்து கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான்கு வருடப் படிப்பு.

"டாக்டர், ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க," என்றாள். "வெப்பமானியைப் பேத்துட்டேன். பழையபடி தட்டுல ஒட்டிட்டேன். எங்கம்மா பட்டமளிப்புக்குத் துணிகூட எடுத்துட்டாங்க."

நான் திட்டவில்லை. எனக்கும் அம்போஃபோவிடம் பயம்.

கறுப்புத் திரைகளை இழுத்தோம். வெளியே கொளுத்தும் வெயில்; உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. லேசரின் பச்சைப் புள்ளி படிகத்தின் மேல் விழுந்தது. அதில் துளி வெளிச்சம் நிறம் மாறித் திரும்பி, கணினித் திரையில் மேடுபள்ளமான கோடாக விரிந்தது. அணுக்கள் நடுங்கும் நடுக்கம் அது. கோட்டின் அடியில் முந்நூற்றைந்து என்று குறித்த இடத்தில் ஒரு கூர்மையான மேடு. படிகம் நிலைமாறினால் அந்த மேடு செத்துவிடும்.

வெப்பம் நூறு டிகிரி. மேடு இருந்தது. நூற்றுப் பத்து. இருந்தது.

இஞ்சி மிட்டாய் வாசனை அடித்தது.

டொன்கோர் வாயில் எப்போதும் இஞ்சி மிட்டாய் இருக்கும்.

நூற்றிருபது. மேடு செத்தது.

"இல்ல... இல்ல, இப்ப சாகக் கூடாது," என்று கிசுகிசுத்தாள் செர்வா. ஆறவைத்தோம். வெப்பமானியைத் தட்டில் இன்னும் சூடான இடத்துக்குத் தள்ளினாள். மறுபடி சூடேற்றினோம்.

நூற்றிருபது. மேடு செத்தது.

மணி பதினொன்றே முக்கால். பேராசிரியர் உள்ளே வந்தார். "என்ன இழவு நடக்குது இங்க? இன்னும் ஏத்து!"

ஏற்றினாள். இயந்திரத்தின் முகப்பில் எண் நகரவில்லை.

இருட்டில் யாரோ முனகலாகத் தேவாலயப் பாட்டு ஒன்றை இழுத்தார்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து நிமிடம் படிகத்தை அமைதியாக இருக்கவிட்டு, டொன்கோர் அப்படித்தான் பாடிக்கொண்டு காத்திருப்பார்.

"யாருய்யா பாடுறது?" பேராசிரியரின் குரல் உடைந்தது.

நான் பாடவில்லை.

செர்வா அழுதுகொண்டே வெப்பமானியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். கம்பியோடு அவள் கைக்கு வந்துவிட்டது. இனி இயந்திரத்துக்கு வெப்பம் தெரிய வழியே இல்லை.

நூற்றிருபது.

அவள் காதருகே ஒரு குரல், எனக்கும் கேட்டது: "பொறு, தங்கச்சி."

நான் விளக்கைப் போட்டேன். படிகத்தின் முதுகில் ஈரம் காயாத வெள்ளிப் பசை. அதில் ஒரு பெருவிரல் ரேகை.

கதவு தட்டப்பட்டது. வெளித்தேர்வாளர். செர்வா கண்ணைத் துடைத்தாள். "நூத்தியிருபது, சார்," என்றாள். "முன்னாடி வெப்பமானி தப்பான இடத்துல இருந்தது. கண்டுபிடிச்சவர் டொன்கோர்."

பேராசிரியர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.

அந்த இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கி மூன்று மாதம் ஆகிறது. அதன் முகப்பில் நூற்றிருபது இன்னும் எரிகிறது. பேராசிரியர் அதன் மேல் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறார்.