சீஃப் குடித்த கஷாயம்

பீப்! பீப்! பீப்!

விமானக் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அலறியது.

ரேடார் திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. இரண்டிலும் சேர்த்து முந்நூறு பேர்!

அவற்றுக்கு வழி சொல்ல வேண்டிய சீஃப் கன்ட்ரோலர், மேஜை மேல் கவிழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து உள்ளே வந்த பெண் கன்ட்ரோலர் பாய்ந்தாள். மைக்கைப் பிடுங்கினாள். ஒரு விமானத்தை மேலே ஏற்றினாள். மற்றதை இடது பக்கம் திருப்பினாள்.

புள்ளிகள் விலகின.

முந்நூறு பேரும் பிழைத்தார்கள். மாட்டிக்கொண்டது அவள்தான்!

மூன்று மணி நேரம் கழித்து, முதலுதவி அறை.

இன்ஸ்பெக்டருக்குத் தலை விண் விண்ணென்று தெறித்தது. தூங்கி எத்தனை நாளாயிற்றோ... சட்டைப் பாக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கட்டிலில் சீஃப். ரத்தத்தில் தூக்க மாத்திரை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. சுவரோரம் அந்தப் பெண், பதற்றமே இல்லாமல்.

அதுதான் இன்ஸ்பெக்டரை உறுத்தியது.

"என்ன சாப்பிட்டீங்க சார்?"

"வேற என்ன? இவ கஷாயம்தான்!" சீஃப் விரலை நீட்டினார். "டென்ஷன் குறையணும்னு ஆயுர்வேத டாக்டர்கிட்ட போறா. மூணு மாசமா பிளாஸ்க்கும் கையுமாத்தான் வருவா. ரூமே நாறும். இவளுக்குப் பேரே கஷாயம்னுதான் வெச்சிருக்கோம். பத்து நாள் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வந்தேன். 'டயர்டா இருக்கீங்களே, குடிங்க சார்'னு இவதான் ஊத்திக் கொடுத்தா. குடிச்சேன்... கண்ணு சொக்கிடுச்சு!"

"நான் கொடுக்கல," என்றாள் அவள். அவ்வளவுதான்.

"இவருக்கு அப்புறம் சீஃப் சீட் யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான் சார்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. அப்படிப் போகுதா கதை!

செல்போன் சிணுங்கியது. லேப். சீல் வைத்து அனுப்பிய பிளாஸ்க்கில் அதே தூக்க மாத்திரை!

"மேடம், லைசென்ஸை மறந்துடுங்க. ஜெயிலுக்குப் போக ரெடியாகுங்க!"

"வர்றேன் சார். அதுக்கு முன்னாடி இவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"சார், கஷாயம் எப்படி இருந்துச்சு?"

சீஃப் முகத்தைச் சுளித்தார். "கேக்கறதைப் பாரு! வேப்பங்காயாட்டம் கசந்துச்சு. தார் மாதிரி கறுப்பு. குடலே வெளிய வந்துடுச்சு!"

"இன்ஸ்பெக்டர் சார், அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்களேன்."

வாங்கினார். சீஃப் வெறுப்போடு கிறுக்கிக் கொடுத்தார்.

"இப்ப லேப்புக்கு ஒரு போன் போடுங்க. மாத்திரையைத் தவிர அதுல வேற என்ன இருக்குன்னு கேளுங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"வேறயா? வெறும் தண்ணி சார்!"

"யோவ், கஷாயம்யா! கறுப்பா, கசப்பா..."

"கஷாயமா? மூலிகைன்னு ஒரு துளி இல்ல சார். இன்னும் சூடுகூட ஆறாத வெந்நீர்தான்!"

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

"டாக்டரம்மா கஷாயத்தை நிறுத்தி எட்டு நாள் ஆச்சு," என்றாள் அவள். "மருந்து போதும், இனிமே வெந்நீர் குடி, நேரத்துக்குத் தூங்குன்னுட்டாங்க. லீவுல இருந்த மனுஷருக்கு அது எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் கட்டில் பக்கம் திரும்பினார்... மெதுவாக.

"குடிக்காத கஷாயம் கசந்துச்சாக்கும்?"

சீஃப் உடைந்தார். "ஆறு மாசமா தூக்கமே இல்ல சார்... மாத்திரைலதான் ஓடுது. வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் காலி. லீவு போட்டும் சரியாகல. இன்னைக்கு விடியக்காலையில ரெண்டா போட்டுட்டேன். அலாரம் சத்தத்துல முழிச்சா, இவ எனக்கு முதுகைக் காட்டிட்டு மைக்ல கத்திட்டிருக்கா... பாக்கெட்ல இருந்த மிச்ச மாத்திரையை நசுக்கி..."

"பிளாஸ்க்ல போட்டுட்டீங்க!"

சீஃப் தலையைத் தொங்கப்போட்டார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே வந்தார்.

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார். "வெந்நீர்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா, 'ஆமா சார், வெந்நீர்தான் குடிச்சேன்'னு அவரும் சொல்லியிருப்பாரே!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. தலைவலியும் கூடவே வந்தது. சீஃப் வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க டாக்டரம்மா நம்பரைக் கொஞ்சம் கொடுங்க மேடம்... என் பாக்கெட்லயும் அதே மாத்திரைதான் இருக்கு!"