நாற்பத்தொன்றாம் டோக்கன்

2003 மே 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்துக்கு அருகே பழைய மீன் ஐஸ் கிடங்கில் அமைந்த ‘குடும்பப் பனிமலை’யில் ஏழாவது பேட்ச் உள்ளே விடப்பட்டது.

நாகேஸ்வரன் ஒன்றரை மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றிருந்தார். சாலைக் கடைத்தெருவின் பாத்திரக் கடையில் வாரம் ஆறு நாள் நிற்கிற கால். ஏழாவது நாளும் நின்றதில் எரிச்சல் தலைக்கேறியிருந்தது. எல்லாம் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய போட்டோவால் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி மூடிய தட்டையான கோதுமை நிலம், நடுவே ஒரு குட்டிப் பனிமேடு, அதில் மச்சான் மகள் சறுக்கி வருகிறாள். அன்றிலிருந்து ஏழு வயது மகள் நீத்து, தானும் பனியில் சறுக்க வேண்டுமென்று விடவில்லை.

வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். கோயில் வாசல் பழக்கத்தில், மகளின் சிவப்புச் செருப்பைத் தன் செருப்பின் மேல் அடுக்கி ஒரே டோக்கனாக வாங்கினார். நாற்பத்தொன்று.

“சாரே, ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும்,” என்றான் கவுண்டரிலிருந்த அனீஷ். “டோக்கன் எண்ணித்தான் நாங்க கதவு அடைக்கது.”

“கோயில்லயே குடும்பத்துக்கு ஒண்ணுதான் குடுக்கான். ஒனக்கு மட்டும் என்னடே தனிச் சட்டம்?”

பின்னால் கூட்டம் தள்ளியது. அனீஷ் விட்டுவிட்டான்.

உள்ளே, இரண்டு ஆள் உயரத்துக்கு அழுக்குப் பனியைக் குவித்து, ஏறப் படியும் சறுக்கப் பிளாஸ்டிக் தொட்டிகளும் வைத்திருந்தார்கள். குளிர்விக்கும் எந்திரத்தின் இரைச்சல் சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்க, அமோனியா நெடிக்கு அடியில் எப்போதோ இறக்கிய மீனின் வாடை இன்னும் கிடக்க, வாசலில் தந்த ஒரே மாதிரி நீலக் கோட்டும் தலைமூடியும் முகத்துணியும் கையுறையும் போட்ட பிள்ளைகளில் தன் மகள் எது என்று தெரியாமல், நாகேஸ்வரன் விறைத்த கைகளைத் தேய்த்தபடி நின்றார். இதற்கா ஒன்றரை மணி நேரம்?

காலடியில் பூட்ஸ் தடங்களுக்கு நடுவே ஒரு தடம் வேறாக இருந்தது. வெறுங்கால். சின்னது. ஐந்து விரலும் பதிந்திருந்தன. மேட்டின் மேலே போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மணி அடித்தது.

“நீத்து! வா மக்களே, போதும்.”

ஒரு கையுறை வந்து அவர் விரல்களைப் பற்றியது.

“இன்னும் ஒரு தடவன்னு அழாதே, கேட்டியா? எனக்குத் தலை வலிக்கி.”

அவள் அழவில்லை. பேசவும் இல்லை. முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்து டோக்கனைக் கொடுத்தார். அனீஷ் செருப்புகளைத் தள்ளிவிட்டு, இரும்புக் கதவை இழுத்துக் கொக்கியைப் போட்டான்.

மகளின் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார்.

பூட்ஸ் இல்லை.

நீலம் பாரித்த வெறுங்கால்கள். விரலிடுக்கில் பனி. மே மாதச் சிமெண்டுத் தரையில் அது உருகவில்லை.

அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள்.

“அப்பா, கதவு திறக்கல.”

நீத்துவின் குரல்.

“கதவத் தெறடே! எம்பிள்ள உள்ள இருக்கு!”

“எல்லா டோக்கனும் வந்தாச்சு சாரே. உள்ள ஆரும் இல்ல.”

“ரெண்டு பேருக்கு ஒரு டோக்கன்தானே எடுத்தேன்! மறந்திட்டியா?”

“ஓர்மை உண்டு. ரெண்டு பேரும் வந்தாச்சே. கையில பிடிச்சிருக்கது பின்னே ஆரு?”

தட்டல். மறுபடி தட்டல். மெதுவாக. பிறகு இல்லை.

நாகேஸ்வரன் கவுண்டரைக் காலால் உதைத்தார். அனீஷ் முணுமுணுத்துக்கொண்டே கொக்கியை எடுத்தான்.

உள்ளே யாரும் இல்லை. கதவின் அடியிலிருந்து சின்ன வெறுங்கால் தடங்கள், புதியவை, மேட்டின் மேல் ஏறிப் போயிருந்தன. உச்சியில் நீத்துவின் ரப்பர் பூட்ஸ் ஜோடியாக நின்றன.

விரல்களைப் பற்றியிருந்த கை இறுகியது.

“அப்பா,” என்றது, நீத்துவின் குரலில். “வீட்டுக்குப் போவோம்.”

அனீஷ் பெட்டியிலிருந்த டோக்கன்களை இன்னொரு முறை எண்ணினான். ஐம்பது. கணக்கு சரியாக இருந்தது.

ஐந்தேகால் மணிக்கு எட்டாவது பேட்ச் உள்ளே விடப்பட்டது.