மூன்றாம் மாடி முத்துமாலை

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியில் முத்துமாலை ஒன்று காணாமல் போயிற்று. காலை எட்டு மணிக்கு அலறல். அறை அறையாகச் சோதனை. ஒன்பதுக்குள் மாலையும் கிடைத்தது, திருடியும் கிடைத்தாள். எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் இறங்கியதுதான் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு உறுத்தியது.

"பொண்ணு ஒத்துக்கிட்டா மேடம். சாயங்காலத்துக்குள்ள வெளியே அனுப்பிடுறோம். மாலையைத் தொலைச்ச பொண்ணோட அப்பா அவசரப்பட்டு உங்களைக் கூப்பிட்டுட்டாங்க," என்றார் வார்டன்.

"வந்தது வந்தாச்சு. நாலு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

மாலைக்குச் சொந்தக்காரி ஒரு கப்பல் முதலாளியின் மகள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா போட்டிருந்ததும்மா. அவங்க போனப்புறம் நான் கழுத்துல வெச்சதே இல்லை. துடைச்சு, அவங்க கைக்குட்டையில சுத்தி, தலையணை உறைக்குள்ள வெச்சிருந்தேன். ராத்திரி படுத்தப்போ கவனிக்கலை. காலையில கையை விட்டா இல்லை."

"அங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"சீமாட்டிக்கு மட்டும். அவ என் உயிர்த்தோழி. என் அறைக்கு இன்னொரு சாவியே அவகிட்டதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் மாலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முத்துக்கும் முத்துக்கும் நடுவே இருந்த முடிச்சுகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தார். வாசனைப் பவுடர்.

அடுத்து திருடி. முதலாம் ஆண்டு மாணவி, உதவித்தொகையில் படிக்கிறாள். வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் 'ஊமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாம் மாடியில், அவள் அறை வாசலில் கிடந்த ஷூவுக்குள் இருந்துதான் மாலை வந்தது. வெறுந்தண்ணீரில் கழுவிய முகம். ஸ்வெட்டரின் முழங்கை கிழிந்து, மீன்முள்போல் குறுக்கும் மறுக்குமாகத் தைத்திருந்தது.

"நான்தான் எடுத்தேன்."

"எதுலேர்ந்து எடுத்தே?"

"நகைப்பெட்டியிலேர்ந்து."

"பெட்டி எங்கே இருந்துச்சு?"

"மேஜை மேல."

"கதவு?"

"திறந்துதான் கிடந்துச்சு."

இன்ஸ்பெக்டர் மேலே கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்லும்போது கேட்பவருக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவதாக வந்தவள் சீமாட்டி. தகப்பனார் வெளிநாட்டில் பெரிய டாக்டர் என்று விடுதிக்கே தெரியும். நடையும் பேச்சும் அப்படி; பட்டப்பெயரும் அதனால்தான். பவுடர் பூசிய கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கையில் கழற்றிப் பிடித்திருந்த கோட்டை நாற்காலி முதுகில் போட்டபோது அதன் பட்டு உள்துணி வெளியே தெரிந்தது. அதில் ஒரு கிழிசல். குறுக்கும் மறுக்குமாக, மீன்முள்போல் ஒரு தையல்.

"நேத்து ராத்திரி எங்கே?"

"ஒரு விருந்து. என்னைக் கட்டிக்கப் போறவர் வீட்டுல. அவங்க அம்மா அப்பாவை முதல்தடவை பார்த்தேன்."

"ஊமையைத் தெரியுமா?"

"யாரு? ஓ, அந்தப் பொண்ணா? பார்த்திருக்கேன். பேசினதில்லை."

மதியம் எல்லோரையும் வார்டன் அறைக்கு வரச்சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"விக்கிறதுக்குத் திருடுறவ பவுடர் பூசிக்கிட்டு மாலையைப் போட்டு அழகு பார்க்க மாட்டா. இதை நேத்து யாரோ கழுத்துல போட்டிருக்காங்க. ஊமைக்குத் தலையணை உறை விஷயமே தெரியாது. மேஜை, பெட்டின்னு உளறுறா. தெரிஞ்சவ ஒருத்திதான். சாவியும் அவகிட்டதான்." அவர் சீமாட்டியைப் பார்த்தார். "விருந்துக்குப் போட்டுக்கிட்டே. திரும்பி வர்றதுக்குள்ள மாலைக்குச் சொந்தக்காரி அந்தத் தலையணையிலேயே தூங்கிட்டா. காலையில வெச்சிடலாம்னு நினைச்சே. அதுக்குள்ள சோதனை தொடங்கிருச்சு. அப்போ யார் ஷூவுல போட்டா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்கன்னு யோசிச்சே."

"சும்மா சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு எனக்காக ஏன் ஒத்துக்கணும்? அவ யாருன்னே எனக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் கோட்டைத் திருப்பினார். ஊமையின் முழங்கையைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். அதே தையல், முடிவில் அதே இரட்டை முடிச்சு.

"இதை எல்லாரும் பார்த்தீங்க; கிழிசல்னுதான் பார்த்தீங்க. தைச்ச கையைப் பார்க்கலை. உங்க ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தர்தானே? தையல் வேலை செய்யறாங்களா?"

ஊமை தலை குனிந்தாள். "அக்காவை ஒண்ணும் செய்யாதீங்க மேடம்."

கப்பல் முதலாளி மகள் மெதுவாக எழுந்தாள்.

"மாலையை நீ கேட்டிருந்தா நானே போட்டு விட்டிருப்பேனேடி. அது போகட்டும். உங்க அப்பா டாக்டர் இல்லையா?"

சீமாட்டி கோட்டை எடுத்து, உள்துணி தெரியாதபடி மடித்தாள்.

"ரெண்டு வருஷமா என் கட்டில்ல உட்கார்ந்து, என் தட்டுல சாப்பிட்டு..." அவள் முகம் சுளித்தாள். தன் கையை ஒருமுறை பாவாடையில் துடைத்துக்கொண்டாள். திருட்டுக்கு மன்னிப்பு இருந்தது. தையல்காரி மகளாகப் பிறந்ததற்குத்தான் இல்லை.

புகார் வாபஸ் ஆயிற்று. ஆனால் பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. அக்காள் திருடியதற்காக வெளியே. தங்கை பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக உதவித்தொகை ரத்து, அவளும் வெளியே. இன்ஸ்பெக்டர் வாதாடிப் பார்த்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்," என்றார் வார்டன்.

படிக்கட்டில் ஊமை அவரை மறித்தாள். அன்றுதான் அவள் குரல் உயர்ந்தது.

"நான்தான் ஒத்துக்கிட்டேனே. அதோட விட்டிருக்கக் கூடாதா? எங்க வீட்டுல ஒருத்தியாவது கரையேறியிருப்பா."

"அவ உன்னை மாட்டிவிட்டாம்மா."

"தெரியும். என் ஷூவுல இருந்து எடுத்தப்பவே தெரியும். வேற யார் ஷூவுல போடுவா? அவளுக்கு இங்கே வேற யார் இருக்காங்க?"

இன்ஸ்பெக்டர் ஒரு படி கீழே இறங்கி நின்றார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து உண்மை என்றால் மருந்து என்றே நம்பி வந்தவர் அவர்.

சாயங்காலம் ஜீப்பில் திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் அவர்களைக் கண்டார். அக்காள் ஒரு கோடி, தங்கை ஒரு கோடி, முன்பின் தெரியாதவர்களைப்போல். தங்கை போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நான் நல்லாயிருக்கேம்மா... அக்காவும்தான்... ஆமா, நல்லா படிக்கிறா."

வண்டியை ஓரம் நிறுத்தச் சொன்னார். பேருந்து வந்தது. தங்கை இரண்டு பெட்டிகளையும் ஏற்றிவிட்டு, படியில் நின்று கையை நீட்டினாள்.

"நீ போ. நான் அடுத்ததுல வரேன்," என்றாள் அக்காள்.

பேருந்து போயிற்று. அடுத்ததும் வந்தது, நின்றது, போயிற்று. சீமாட்டி நிறுத்தத்திலேயே நின்றாள். விளக்கேற்றத் தொடங்கியிருந்த பல்கலைக்கழக வாசலைப் பார்த்தபடி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.