சுவருக்கு அப்பால் முறிந்த அப்பம்

பூசி மூன்று மணி நேரமாகியும் சாந்து இறுகவில்லை. கொத்தனார் கெர்வாசி கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். இப்போதுதான் குழைத்ததைப் போல உள்ளே போயிற்று. டிசம்பர் குளிர், சுரங்க ஈரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சாந்து வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

தலைக்கு மேலே ஊரின் சந்தைச் சதுக்கம். போலந்தின் நாலா மூலையிலிருந்தும் வருகிறவர்கள் மணிக்கூண்டைப் படமெடுத்து, தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடைசியில் சீட்டு வாங்கிக்கொண்டு இந்தச் சுண்ணக்கல் சுரங்கங்களுக்குள் இறங்குவார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் நிலவறைக்கு அடியில் கல்லைத் தோண்டி விற்றான். தோண்டத் தோண்டப் பக்கத்து வீட்டின் அடியையும் தொட்டான். தார்த்தாரியர் படை வந்தபோது ஊரே இதற்குள் இறங்கி ஒளிந்தது. எத்தனை பேர் திரும்ப ஏறினார்கள் என்பதை வழிகாட்டிகள் சொல்வதில்லை. போன வாரம் ஒரு பக்கம் சரிந்து, வரைபடத்தில் இல்லாத பொந்து ஒன்று வாய் திறந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் அதை அடைக்க வேண்டும்.

இன்னும் ஒரு செங்கல் பாக்கி.

"மாமா, மணி மூணாச்சு. முதல் நட்சத்திரம் வந்து விருந்து ஆரம்பிக்கறதுக்குள்ள போகலன்னா, யாக்னா நம்ம ரெண்டு பேரையும் கெண்டை மீனோட சேர்த்து வறுத்துடுவா," என்றான் மருமகன் திமோன்.

யாக்னாவுக்கு இது நிறைமாதம். "அப்பா, அவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க" என்று காலையில் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வாயைக் குறைச்சுக் கல்லை எடு, மாப்ள."

"அப்பம் முறிக்காமலா? வேலை முடிஞ்ச இடத்துலயே முறிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க."

காகிதம் போல் மெலிந்த அந்த வெள்ளை அப்பத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகிராமல் யாரும் பிரிவதில்லை. என்னுடையதில் நீ ஒரு துண்டு முறி, உன்னுடையதில் நான். பிறகு வாழ்த்து. பிறகு தழுவல். அங்கிருக்கும் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது.

முறித்தார்கள். "நல்லபடியா பிள்ளை பொறக்கட்டும்டா," என்றார் கெர்வாசி. கட்டிக்கொண்டார்கள்.

திமோன் மிச்சத் துண்டை, கடைசிச் செங்கலுக்காகச் சுவரில் விட்டிருந்த சந்துக்குள் நீட்டினான். "உள்ள குடியிருக்கறவங்க கோவிச்சுக்கப் போறாங்க. இந்தாங்க, நீங்களும் முறிங்க!"

"டேய், விளையாடாத..."

டிக்கென்று ஓர் ஒலி. அப்பம் முறிகிற ஒலி.

திமோன் கையை இழுத்தான். துண்டில் பாதி இல்லை. சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

உள்ளே இன்னொரு டிக். சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு இடப்பக்கம், கீழே, அதற்கும் கீழே. அந்தப் பாதித் துண்டை ஒருவர் மாற்றி ஒருவராக நூறு பேர் முறித்துக் கொடுப்பதைப் போல, அந்த ஒலி சதுக்கத்தின் அடிவயிறெங்கும் ஊர்ந்து பரவி, ஆற்றுப்பக்கம் எங்கோ போய்த் தேய்ந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை. அதனூடே மக்கிய துணியின் வாடை.

பிறகு முணுமுணுப்பு. சொல் விளங்கவில்லை, தொனி விளங்கியது. வாழ்த்துகிறார்கள்.

முறித்தாயிற்று. வாழ்த்தியாயிற்று. அடுத்தது என்னவென்று கெர்வாசிக்குத் தெரியும்.

"மாப்ள, விலகு! சுவரை விட்டு விலகுடா!"

சந்திலிருந்து ஒரு கை வந்தது. சுண்ணாம்பு வெள்ளை. அதன் பின்னால் இன்னொன்று. திமோனின் கழுத்தைச் சுற்றின. கெர்வாசி அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கால் வழுக்கியது. மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"மாமா... யாக்னாகிட்ட..." குரல் கல்லில் அமுங்கியது.

ஒரே செங்கல் அகலம். அதில் ஆறு கைகள். எட்டு. நெரிக்கவில்லை. அவன் கன்னத்தைத் தடவின. முதுகில் தட்டிக்கொடுத்தன. தொங்கிக்கிடந்த திமோனின் கைகள் மெல்ல எழுந்தன. சுவரைத் தழுவின.

கெர்வாசி பிடியை விடவில்லை. அவர் கைகளுக்குள் மருமகனின் இடுப்பு, சத்தமேயில்லாமல், ஒரு செங்கல் அகலத்துக்கு ஒடுங்கிக்கொண்டிருந்தது.