இறங்காத முள்

ஏப்ரல் பதினெட்டாம் தேதி மதியம், ஆற்றுப்பாலத்துக்குத் தெற்கே இருந்த பெரிய மருத்துவமனை, படுக்கை இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டு வாசல் கதவைச் சாத்தியது. அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் காற்று முதலாளியின் மனைவியும் ஒருத்தி.

முதலாளி கலங்கவில்லை. கொரோனாவில் ஊரே மூச்சுக்குத் தவித்தபோது கள்ளச் சந்தையில் ஆக்ஸிஜன் விற்றதால் வந்ததுதான் காற்று முதலாளி என்ற பெயர். "நாளைக்கு இதுவும் கிடைக்காதும்மா" என்று முதலில் பயத்தை விற்பார், பிறகு சிலிண்டரை. உள்ளே இருந்தது லாரி டயருக்கு அடிக்கிற வெறும் காற்று. அளவுமானியின் முள்ளை, முழுசாக நிறைந்திருப்பதாகக் காட்டும் கடைசிக் கோட்டில் நிறுத்திப் பசை வைத்து ஒட்டிவிடுவார். அந்த வேலையைத் தனியாகத்தான் செய்வார். கூட நின்று விற்கும் மச்சினனுக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்கென்று ஒரே ஒரு அசல் சிலிண்டரை ஒதுக்கி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். அதைத்தான் மச்சினன் தூக்கிவந்து அக்காவின் கட்டிலருகே நிறுத்தினான்.

வெளிச்சம் மங்கும்போதுதான் கவனித்தார். முள் இறங்கவில்லை.

ஜன்னல்களையெல்லாம் அடைத்த அந்த அறையில் கிருமிநாசினியின் நெடி தொண்டையை அடைத்தது. சிலிண்டரோடு இணைந்த தண்ணீர்க் குடுவையில் குமிழிகள் ஓயாமல் களகளத்தன. அவற்றுக்கு நடுவே மனைவியின் மூச்சு, கிழிந்த துருத்தி மாதிரி, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு ஏறி இறங்கியது.

"என்னங்க... காத்து வரலையே."

"வருதும்மா. பேசாம படு."

மச்சினன் பெருமையாக மானியைத் தட்டினான். "பாத்தீங்களா மாமா? ஒரு கோடுகூட இறங்கல. நம்ம சரக்குன்னா சும்மாவா!"

போன வாரம் ஒரு தையல்காரர் போனில் இதையேதான் கேட்டார். "முள்ளு அப்படியே நிக்குதுங்கய்யா. நல்லதுதானே?" "நின்னா மிச்சம் இருக்குன்னு அர்த்தம்யா. போய்த் தூங்கு." தையல்காரர் தூங்கி எழுந்தார். அவர் மனைவி எழவில்லை. சேதி வந்தபோது முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைக்கூடத் தள்ளிவைக்கவில்லை.

"எதைடா கொண்டுவந்தே?" என்று மச்சினனிடம் கேட்டார்.

"சிவப்புத் துணி கட்டினதைத்தான். வர்றவன் எல்லாம் அதையே கேக்கிறான் மாமா. மொதலாளி ஒதுக்கி வெச்சா சும்மா இருக்குமான்னு ஒரே அடம். அதான் அக்காவோட பழைய சால்வையைக் கிழிச்சு எல்லாத்துக்கும் கட்டிட்டேன். பிச்சுக்கிட்டுப் போச்சு!"

அவர் கொட்டகைக்கு ஓடினார்.

இருட்டில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்பு. எதில் முள் இறங்குகிறதோ அதுதான் அசல். முதல் வால்வைத் திருகினார். உஸ்ஸென்று சீறியது. முள் அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. எல்லாவற்றையும் திறந்துவிட்டார். கொட்டகை முழுக்கச் சீறல், ரப்பர் வாடை, துரு வாடை. ஒரு முள்ளும் அசையவில்லை. அசல் என்றோ விலைபோயிருந்தது.

சீறல் நின்றது.

எல்லாம் ஒரே நேரத்தில்.

பிறகு சிலிண்டர்கள் மூச்சை இழுத்தன. உள்ளே. துணிகள் எழும்பி வால்வின் வாய்களில் ஒட்டிக்கொண்டன. விட்டன. மறுபடி இழுத்தன. எங்கோ ஒரு பெண் இருமினாள். எங்கோ ஒரு குழந்தை. கடைசி சிலிண்டரில் கிழிந்த துருத்தி. கடைசியில் ஒரு சின்ன விசில்.

அவர் வீட்டுக்குள் பாய்ந்தார்.

மச்சினன் அக்காவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் மார்பு அசையவில்லை. முகமூடி மட்டும் உட்புறம் பனித்தது. தெளிந்தது. பனித்தது.

"மூச்சு விடுறா மாமா," என்றான்.

அவள் இறந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று பிறகு வந்த மருத்துவர் சொன்னார். முகமூடியைக் கழற்றித் தலையணை மேல் வைத்தார். அங்கேயும் அது பனித்துக்கொண்டிருந்தது. முள் இறங்கவில்லை.