தியாடா

"14.10.1998, புதன். இன்று ஒரு சிறு பிழை. மாலை வகுப்புப் படிவத்தில் உடன்பிறந்தோர் கட்டத்தில் 'தியாடா' என்று எழுதிவிட்டேன்."

தினேஸ்வரன் பேனாவை மூடினான். தமிழில் 'இல்லை' என்று எழுதக் கை கூசியிருக்கும். மலாயில் சுலபமாக வந்துவிட்டது. படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் வகுப்புத் தோழி மோகனா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குச் சற்று முன்புதான் உயிரியல் எடுக்கும் காளிதாஸ் சார் யு.பி.இ.3ஏ என்ற மரபணுவைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

"அது செய்யுற நொதி, வேண்டாத புரதத்துக்குச் சீட்டு ஒட்டும். சீட்டு விழுந்துச்சா, முடிஞ்சதுலா. செல்லு அதைப் பிச்சுப் போட்டுடும். மூளையில அந்த ஜீன் வேலை செய்யலன்னா பிள்ளைக்குப் பேச்சு வராது. சும்மா சும்மா சிரிக்கும்."

"அப்ப எங்க எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணிக்கு அது டபுளா இருக்கு சார். சிரிச்சதே இல்ல!" என்றாள் மோகனா. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான், வீட்டில் ஒன்பது வயதில் பேச்சில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் தங்கை தாரணியை நினைத்தபடியே.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா இரண்டு தட்டு வைத்தார்.

"தாரணிக்கும்மா?"

"யாருடா அது?" அம்மா ரசத்தை ஊற்றினார். "பசி மயக்கமா? சாப்பிடு."

பலகைச் சுவருக்கு அப்பால், கொசுவர்த்திப் புகையும் எச்சில் ஊறிய சட்டையின் புளித்த வாடையும் கலந்து வரும் அந்தச் சிறிய அறையிலிருந்து, விக்கலைப் போலத் தொடங்கி வழக்கமாகக் கைதட்டலில் முடியும் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இன்று கைதட்டல் மட்டும் கேட்கவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தான். தாரணி பாயில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கைகளும் மணிக்கட்டோடு முடிந்திருந்தன. காயமில்லை. ரத்தமில்லை. படிவத்தில் அவன் எழுதிய 'தியாடா' சீட்டாக ஒட்டிவிட்டிருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மோகனா, அவன் மறந்துவிட்ட புத்தகத்தை நீட்டினாள்.

"உள்ள யாரு சிரிக்கிறா?"

அவளுக்குக் கேட்கிறது. ஒரு வார்த்தை போதும். என் தங்கச்சி. நாக்கு நுனிவரை வந்தது. முகம் எரிந்தது.

"ரேடியோலா."

சிரிப்பு நின்றது. மீண்டும் வந்தது. மெலிதாக.

மோகனா போய்விட்டாள். அவன் உள்ளே வந்தான். மேசை. நாட்குறிப்பு. முகம் இன்னும் எரிந்தது. ஏதோ வெட்கக்கேடு. என்னவென்று நினைவில்லை. நெடுநேரம் யோசித்தான். பிறகு எழுதினான்:

"நாளை, வியாழன்: காலி அறையைக் கழுவிப் பூட்ட வேண்டும். உள்ளே ஏதோ சிரிக்கிறது."